3 பிக்கோநொடியா, 21 பிக்கோநொடியா: பாலக் கீரை வினைமையத்தில் முதல் எலக்ட்ரான் நகர்வு

1989இல் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் வாசிலெவ்ஸ்கி, ஜான்சன், சைபர்ட், கோவிந்தஜி ஆகியோர் பாலக் கீரையிலிருந்து பிரித்தெடுத்த இரண்டாம் ஒளியமைப்பு வினைமையத்தில் (ஒளிச்சேர்க்கையில் ஒளியாற்றல் எலக்ட்ரான் நகர்வாக மாறும் புரத மையம்) லேசர் துடிப்பைச் செலுத்தி, ஒளிபட்ட 3 பிக்கோநொடியில் எலக்ட்ரான் அதைப் பெறும் நிறமியான ஃபியோஃபைட்டினுக்குப் போய்விடுகிறது என்று அறிவித்தார்கள். ஒரு பிக்கோநொடி என்பது நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. பிழை எல்லை 0.6 பிக்கோநொடி. மூன்று ஆண்டுகள் கழித்து லண்டன் இம்பீரியல் கல்லூரியில் டுரண்ட், ஹேஸ்டிங்ஸ், க்ளுக், பார்பர், போர்ட்டர் குழு பட்டாணிச் செடியின் அதே வினைமையத்தில் அளந்தது. அவர்களுக்கு ஃபியோஃபைட்டின் ஒடுக்கம், அதாவது அது எலக்ட்ரானைப் பெறுவது, 21 பிக்கோநொடி என்று வந்தது. ஒரே புரதம், ஒரே நிறமிகள், ஏழு மடங்கு வேறுபாடு. இரண்டு குழுவும் கைதேர்ந்தவை. போர்ட்டர், நொடிக்கும் குறைந்த வேதிவினைகளை ஒளிவீச்சால் பிடிக்கும் முறைக்காக 1967இல் நோபல் பெற்றவர்.

இந்த முரண்பாடு ஏன் வந்தது, எப்படி அவிழ்ந்தது என்பதே இங்கே ஆயும் நிகழ்வு. லேசர் தரம் இதில் சிறிய பங்குதான். எந்த நிறத்தில் கிளர்த்துகிறோம், எந்தப் பட்டையில் பார்க்கிறோம், எதை 'முதல் படி' என்கிறோம் என்பவை சேர்ந்தே அந்த எண்ணைத் தீர்மானிக்கின்றன. 3, 21 இரண்டும் அதே மாதிரிக்குள் இருந்தவை.

பொருள் எது?

இரண்டாம் ஒளியமைப்பின் மையத்தில் டி1, டி2 என்ற இரு புரதங்களும், சைட்டோகுரோம் பி559 என்ற புரதமும் இருக்கின்றன. இந்த மூன்றையும் நிறமிகளோடு சேர்த்துத் தனியாகப் பிரிக்கும் வழியை ஜப்பானின் ஒக்கயாமாவைச் சேர்ந்த நன்பா, சாட்டோ இருவரும் 1987இல் வெளியிட்டார்கள். அதற்கு முன் அளந்தவை எல்லாம் ஏராளமான ஆன்டெனா குளோரோபில்கள் (ஒளியைப் பிடித்து வினைமையத்துக்கு அனுப்புபவை) சூழ்ந்த பெரிய அமைப்புகள். அங்கே கிடைக்கும் எண்ணில் எலக்ட்ரான் நகர்வு எவ்வளவு, ஆற்றல் ஆன்டெனாவில் அலைந்த நேரம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பிரித்த வினைமையத்தில் 6 குளோரோபில் ஏ, 2 ஃபியோஃபைட்டின் ஏ, 2 பீட்டா கரோட்டின் உள்ளன. தொடக்கத்தில் குளோரோபில் எண்ணிக்கையை 4, 5, 6 என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார்கள். பல ஆண்டுகள் ஓடியே 6 என்று நிலைத்தது. நடுவில் நெருக்கமாக நான்கு குளோரோபில்கள், அவற்றையொட்டி இரு ஃபியோஃபைட்டின்கள். மீதி இரண்டு குளோரோபில்கள் புரதத்தின் இரு ஓரங்களில், நடுத்தொகுதியிலிருந்து ஏறத்தாழ 25 ஆங்ஸ்ட்ராம் தள்ளி நிற்கின்றன. இந்த ஓர நிறமிகள் இரண்டும் இந்தக் கதையில் பெரிய பங்கு வகிக்கின்றன.

பிரித்தெடுக்கும்போது, ஃபியோஃபைட்டினிடமிருந்து எலக்ட்ரானைப் பெறும் பிளாஸ்டோகுவினோன்கள் இரண்டும் கழன்று போய்விடுகின்றன. ஆகவே ஃபியோஃபைட்டினில் வந்து சேர்ந்த எலக்ட்ரானுக்கு மேலே போக இடமில்லை. சில பத்து நானோநொடி காத்திருந்து திரும்பி வந்து சேர்ந்துவிடும். அளப்பவருக்கு இது வசதி, ஏனென்றால் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் மாதிரி பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. தொல்லையும் இதுவே. திரும்பிச் சேரும்போது ஒரு பகுதி மும்மை நிலைக்கு (நீண்ட நேரம் நிலைக்கும் ஒருவகைக் கிளர்வு நிலை) போகிறது. அறை வெப்பத்தில் சுமார் 30 சதவீதம், தாழ்வெப்பத்தில் சுமார் 80 சதவீதம். மும்மை நிலைக் குளோரோபில்லும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்தால் எளிதில் வினைபுரியும் ஒற்றை நிலை ஆக்சிஜன் பிறக்கும். அது முதலில் தாக்குவது நம் மாதிரியைத்தான்.

மாதிரி தயாரிப்பு

கீரையின் பசுங்கணிகத்திலிருந்து தைலக்காய்டு சவ்வு எடுத்து, அதை டிரைட்டான் எக்ஸ்-100 என்ற சவர்க்காரம் கொண்டு பகுதியாகக் கரைத்து இரண்டாம் ஒளியமைப்பு நிறைந்த சவ்வுத் துண்டுகளைப் பெறுவது முதல் கட்டம். பெர்த்தோல்ட், பாப்காக், யோக்கம் 1981இல் தந்த முறையையே இன்றும் பின்பற்றுகிறார்கள். பிஎச் 6 முதல் 6.3, ஒரு மில்லிகிராம் குளோரோபில்லுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் டிரைட்டான். நன்பா–சாட்டோ முறையில் அடுத்து 4 சதவீத டிரைட்டானில், பிஎச் 7.2இல், ஒரு மணி நேரம் கரைத்து, ஒரு லட்சம் ஜி விசையில் சுழற்றி, மேல்நீரை எதிரயனி மாற்றுப் பத்தியில் ஏற்றி, 0.2 சதவீத டிரைட்டான் கொண்ட தாங்கல் கரைசலால் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். வெளிவரும் நீர் நிறமற்றுப் போகும்வரை கழுவுவது விதி. பிறகு 30 முதல் 200 மில்லிமோலார் வரை உயரும் சோடியம் குளோரைடால் இறக்கலாம்.

கழுவும் வேலையில் பொறுமை இழந்தால் சிபி47 என்ற ஆன்டெனாப் புரதம் ஒட்டிக்கொண்டு வரும். அதற்காக அளவுக்கு மீறிக் கழுவினால் டிரைட்டான் வினைமையத்தையே குலைத்துவிடும். 680 நானோமீட்டர் தோள்பட்டை கரைந்து, முகடு 670 பக்கம் நகரத் தொடங்கினால் புரதம் கெடுகிறது என்று பொருள். இதனால் 1991க்குப் பிறகு நெதர்லாந்துக் குழுக்கள் காட்டிய வழியில் பலரும் டிரைட்டானைக் கடைசிக் கட்டத்தில் கைவிட்டு, மென்மையான டோடெசில் மால்டோசைடுக்கு மாறினார்கள். அவர்கள் பயன்படுத்தும் தாங்கல் கரைசல்: 20 மில்லிமோலார் பிஸ்-டிரிஸ் பிஎச் 6.5, 20 மில்லிமோலார் மக்னீசியம் குளோரைடு, 5 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு, 10 மில்லிமோலார் மக்னீசியம் சல்ஃபேட்டு, 0.03 சதவீத டோடெசில் மால்டோசைடு, 0.2 மோலார் சுக்ரோஸ். இந்தக் கரைசலில் வினைமையம் பல மடங்கு நேரம் நிலைக்கிறது. 1989க்கும் 1997க்கும் இடையே வெளியான அளவீடுகளை ஒப்பிடும்போது எந்தச் சவர்க்காரத்தில் மாதிரி இருந்தது என்று முதலில் பார்க்க வேண்டும்.

விளைச்சல் பற்றி முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது. சவ்வுத் துண்டுகளில் ஒரு வினைமையத்துக்குச் சுமார் 250 குளோரோபில். அதில் 6 மட்டுமே நமக்குத் தேவை. 100 மில்லிகிராம் குளோரோபில்லில் தொடங்கினால், ஒன்றுகூட வீணாகாவிட்டாலும் 2.4 மில்லிகிராம்தான் கிடைக்கும். நடைமுறையில் அதில் பாதி வந்தாலே மகிழலாம். எல்லா வேலையும் 4 டிகிரி செல்சியசில், மங்கிய பச்சை விளக்கில்.

தரம் பார்க்க நான்கு சோதனைகள் போதும். அறை வெப்ப உட்கவர் நிறமாலையில் முகடு 675–676 நானோமீட்டரில் நின்று, 680 பக்கம் தோள் தெரிய வேண்டும். நீல முனையில் 417இல் உள்ள உட்கவர்தலை 435இல் உள்ளதால் வகுத்தால் 6 குளோரோபில் மாதிரிக்கு 1.20 அருகே வரும். சிபி47 அல்லது மிகைக் குளோரோபில் ஒட்டியிருந்தால் 435 உயர்ந்து இந்த விகிதம் இறங்கும். 77 கெல்வினில் ஒளிர்வு 683–685இல் முகடு காட்ட வேண்டும். 690க்கு மேல் வால் நீண்டால் சிபி47. கடைசியாக, டைத்தயோனைட்டு என்ற ஒடுக்கியைச் சேர்த்து வெளிச்சம் காட்டினால் ஃபியோஃபைட்டின் எதிரயனி தேங்கி, 682, 543 நானோமீட்டர் பட்டைகள் வெளிற, அதாவது அங்கே உட்கவர்தல் குறைய, வேண்டும். வெளிறாவிட்டால் நிறமாலை எவ்வளவு அழகாக இருந்தாலும் எலக்ட்ரான் நகரவில்லை என்று அர்த்தம். முதல் மூன்றை எல்லோரும் செய்கிறார்கள். நான்காவதைத்தான் தவிர்க்கிறார்கள், ஆனால் வினைமையம் வேலை செய்கிறதா என்று நேரடியாகச் சொல்வது அது மட்டுமே.

அறை வெப்பத்தில் அளப்பதானால் ஆக்சிஜனை அகற்றியே ஆக வேண்டும். மெக்டாவிஷ், பிக்கோரெல், சைபர்ட் 1989இல் காட்டிய குளுக்கோஸ், குளுக்கோஸ் ஆக்சிடேஸ், கேட்டலேஸ் கலவை இதற்கு நன்றாக வேலை செய்கிறது. கேட்டலேசை விட்டுவிட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்ந்து, ஆக்சிஜனுக்குப் பதில் அது கெடுக்கும். குளுக்கோஸ் தீர்ந்தவுடன் ஆக்சிஜன் மெல்லத் திரும்பி வரும். நீண்ட அளவீட்டின் பின்பாதி மட்டும் கெட்டுப்போவதற்கு இது ஒரு பொதுவான காரணம்.

தாழ்வெப்ப வேலைக்குக் கிளிசரால் 60 முதல் 70 சதவீதம் கலந்தால்தான் தெளிவான கண்ணாடி உறையும். குறைந்தால் பனிப்படிகம் வந்து ஒளி சிதறும். ஆனால் 70 சதவீதம் கிளிசரால் சேர்த்தால் மாதிரி மூன்று மடங்குக்கு மேல் நீர்த்துப் போகும். ஆகவே முதலிலேயே அடர்த்தியாக்கி வைக்க வேண்டும். 1 மில்லிமீட்டர் தடிமனில் 675இல் உட்கவர்தல் 0.4 வேண்டுமானால் வினைமையம் ஏறத்தாழ 8 மைக்ரோமோலார் இருக்க வேண்டும்.

எல்லாம் ஒரே நிறத்தில்

பாக்டீரியா வினைமையத்தைப் படித்தவர்களுக்கு இங்கே முதல் அதிர்ச்சி காத்திருக்கிறது. ரோடோபாக்டர் ஸ்பீராய்டஸ் என்ற ஒளிச்சேர்க்கைப் பாக்டீரியாவில் சிறப்பு இணை (நெருங்கி நிற்கும் இரு குளோரோபில்கள்) 865 நானோமீட்டரில், துணைக் குளோரோபில்கள் 800இல், ஃபியோஃபைட்டின்கள் 760இல். ஒவ்வொன்றும் தனித்தனி நிறம். எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்பதைப் பட்டை பட்டையாகப் பார்க்கலாம். அங்கே கிடைத்த எண் சுமார் 3 பிக்கோநொடி. தாவரத்திலும் 3 வந்தபோது பலர் சந்தேகமின்றி ஏற்றுக்கொண்டதற்கு இந்த ஒற்றுமையும் ஒரு காரணம்.

தாவர வினைமையத்தில் எட்டு நிறமிகளும் 670க்கும் 684க்கும் இடையே அடைபட்டுக் கிடக்கின்றன. 670க்கும் 680க்கும் உள்ள ஆற்றல் இடைவெளி சுமார் 219 செ.மீ.⁻¹ (நிறமாலையியலில் ஆற்றலைச் சொல்லும் அலகு). அறை வெப்பத்தில் வெப்ப ஆற்றல் 207 செ.மீ.⁻¹. அதாவது, எந்த நிறமியில் கிளர்த்தினாலும் கிளர்வு எல்லாவற்றுக்கும் பரவிவிடும். 77 கெல்வினில் வெப்ப ஆற்றல் 53.5 செ.மீ.⁻¹ ஆகச் சுருங்குகிறது. அப்போது 680இல் இருக்கும் கிளர்வு 670க்கு ஏறுவதற்கான வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு. தாழ்வெப்ப அளவீடு இவ்வளவு முக்கியமாக ஆனதற்கு இந்தக் கணக்கே காரணம்.

நிறமிகள் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் கிளர்வு ஒரு மூலக்கூறில் அடங்குவதில்லை. பல நிறமிகளில் பகிர்ந்த எக்ஸிட்டான் நிலைகளாகிறது. ஒவ்வொரு புரதத்திலும் நிறமி ஆற்றல்கள் சற்றே மாறுவதால், ஒரே கீரையிலுள்ள இரு வினைமையங்களில் மிகத் தாழ்ந்த நிலை வெவ்வேறு நிறமிகளில் அமையலாம். இம்பீரியல் குழு 1995இல் முன்வைத்த பல்நிறமி மாதிரி இதையே சொன்னது: எலக்ட்ரானைத் தரும் பி680 என்பது தனித்த இணை அல்ல, நடுவிலுள்ள நிறமிகள் எல்லாம் சேர்ந்த கூட்டம்.

இதன் விளைவை எண்ணில் பார்ப்போம். எலக்ட்ரானைத் தரும் நிறமியில் கிளர்வு இருக்கும்போது அது 1 பிக்கோநொடியில் பிரியும் என்று வைப்போம். ஆனால் கிளர்வு ஆறு நிறமிகளில் சமமாகப் பகிர்ந்து கிடந்தால், அந்த நிறமியில் அது ஆறில் ஒரு பங்கு நேரமே இருக்கும். வெளியே தெரியும் எண் 6 பிக்கோநொடி. திரும்பி வரும் வினையும் உண்டு. முன்னோக்கி 6, பின்னோக்கி 20 பிக்கோநொடி என்றால் இரண்டு வேகங்களும் கூடி, பார்வைக்கு 4.6 பிக்கோநொடி வரும். ஒரு விளைவு எண்ணை மெதுவாக்குகிறது, மற்றது விரைவாக்குகிறது. கிடைத்த எண்ணை அப்படியே 'எலக்ட்ரான் நகரும் நேரம்' என்று எழுதக் கூடாது.

லேசர் மேசையில் கவனிக்க வேண்டியவை

கிளர்த்தும் துடிப்பு எவ்வளவு வலுவாக இருக்கலாம்? வினைமையத்தின் மோலார் உட்கவர் கெழுவை 675இல் சுமார் 5 லட்சம் என்று கொள்வோம். உட்கவர் குறுக்குப் பரப்பு அப்போது சுமார் 1.9 × 10⁻¹⁵ சதுர செ.மீ. 100 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள புள்ளியில் 680 நானோமீட்டரில் 10 நானோஜூல் விழுந்தால், ஒரு வினைமையத்துக்குச் சராசரி 0.83 ஃபோட்டான். பாய்சான் கணக்குப்படி, கிளர்ந்த வினைமையங்களில் 36 சதவீதம் ஒன்றுக்கு மேற்பட்ட ஃபோட்டானை வாங்கியிருக்கும். இரு கிளர்வுகள் ஒரே மையத்தில் சந்தித்தால் ஒன்று அழியும். அந்த அழிவு சில பிக்கோநொடிக்குள் நடந்து, எலக்ட்ரான் நகர்வு போலவே தோன்றும் சிதைவைத் தரும். துடிப்பை 1 நானோஜூலாகக் குறைத்தால் இந்தப் பங்கு 4 சதவீதத்துக்கு இறங்குகிறது. சைகையும் பத்தில் ஒரு பங்காகிவிடும், ஆகவே பல மணி நேரம் சராசரி எடுக்க வேண்டும். வேறு வழியில்லை. குறைந்தது மூன்று ஆற்றல்களில் அளந்து, இயல்பாக்கிய வரைகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவா என்று பார்த்த பிறகே வேறு பேச்சு. தொடக்ககால அளவீடுகள் சிலவற்றில் குறுகிய எண் வந்ததற்கு இந்த அழிவும் ஓரளவு காரணம் என்ற குற்றச்சாட்டு அன்று பலமாக எழுந்தது.

துடிப்பு வீதமும் பொறி வைக்கும். ஆக்சிஜன் இல்லாதபோது மும்மை நிலை சுமார் 1 மில்லிநொடி வாழ்கிறது. 77 கெல்வினில், துடிப்புக்கு 8 சதவீத மையங்கள் கிளர்ந்து, அதில் 80 சதவீதம் மும்மை நிலைக்குப் போனால், 1 கிலோஹெர்ட்சில் அடுத்த துடிப்பு வரும்போது 3.6 சதவீத மையங்கள் மும்மை நிலையில் தேங்கியிருக்கும். பொறுத்துக்கொள்ளலாம். 5 கிலோஹெர்ட்சில் அதே கணக்கு 22 சதவீதம் ஆகிறது. ஐந்தில் ஒரு மையம் ஏற்கெனவே அடைபட்டது. அதை அறியாமல் பொருத்தினால் புதிதாக ஒரு 'மெதுவான கூறு' கண்டுபிடித்துவிட்டோம் என்று எழுதத் தோன்றும். உறைந்த மாதிரியை ஓட்ட முடியாது என்பதால் வீதத்தைக் குறைப்பது, அல்லது மாதிரித் தட்டை நகர்த்திக்கொண்டே இருப்பது மட்டுமே தீர்வு.

துடிப்பின் அகலத்தில் ஒரு பேரம் உண்டு. 670ஐத் தொடாமல் 680ஐ மட்டும் கிளர்த்த 5 நானோமீட்டர் அகலமுள்ள துடிப்பு வேண்டும். அதன் கால அளவு 136 ஃபெம்டோநொடிக்குக் (பிக்கோநொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு ஃபெம்டோநொடி) கீழே போகவே போகாது. 20 ஃபெம்டோநொடித் துடிப்பு வேண்டுமானால் எல்லா நிறமிகளையும் ஒரே அடியில் கிளர்த்த நேரிடும். காலத்தில் கூர்மை, நிறத்தில் கூர்மை இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியாது என்பது, ஒரு துடிப்பால் கிளர்த்தி அடுத்த துடிப்பால் பார்க்கும் வழக்கமான இருதுடிப்பு முறையின் எல்லை.

மற்றவை பழகிய விஷயங்கள்: கிளர்த்தும் துடிப்புக்கும் ஆய்வுத் துடிப்புக்கும் இடையே தளவிளைவுக் கோணம் 54.7 டிகிரி, வெண்ணொளியின் நிறப் பரவலுக்குக் கால ஈடு, சுழியப் புள்ளியைச் சுற்றி 100–200 ஃபெம்டோநொடிக்குள் வரும் போலிச் சைகையைப் பொருத்தலில் சேர்க்காமல் விடுதல். கரைசல் மட்டும் உள்ள கலத்தில் ஒருமுறை அளந்து அந்தப் போலிச் சைகையின் வடிவத்தைத் தெரிந்துவைத்தால் பின்னால் வாக்குவாதம் குறையும்.

இரு எண்களும் எங்கிருந்து வந்தன

ஆர்கான் அளவீட்டில் கிளர்த்தல் 610 நானோமீட்டரில். 4 டிகிரி செல்சியஸ், காலப் பகுதிறன் 500 ஃபெம்டோநொடி. முக்கியமாகப் பார்த்தது 820 நானோமீட்டரில் எழும் பட்டையை. அது பி680 நேரயனிக்கு உரியது என்று கொண்டார்கள். 650இல் கிளர்வு நிலையின் சிதைவு 2.6 பிக்கோநொடி என்று வந்து அதை ஆதரித்தது. பலவீனம் எங்கே? 820இல் நேரயனி மட்டுமல்ல, குளோரோபில்லின் கிளர்வு நிலையும் உட்கவர்கிறது. அங்கே நடக்கும் மாற்றத்தில் ஆற்றல் இடமாற்றம் கலந்திருந்தால் பிரித்தறிவது கடினம். அதே குழு 15 கெல்வினில் 1.4 பிக்கோநொடி பெற்றது. அயோவாவின் ஏம்ஸ் ஆய்வகத்தில் ஸ்மால், ஜன்கோவியாக் குழு நிறமாலையில் துளையிடும் முறையால் 4 கெல்வினில் 1.9 பிக்கோநொடி பெற்றது. லேசர் துடிப்பே இல்லாத, துளையின் அகலத்திலிருந்து கணக்கிட்ட எண் அது. ஆகவே விரைவான கூறு பொய் என்று ஒதுக்க முடியவில்லை.

இம்பீரியல் குழு ஃபியோஃபைட்டினுக்கே உரிய பட்டைகளைப் பார்த்தது. 543 நானோமீட்டர் அருகே ஃபியோஃபைட்டின் பட்டை தனியாக நிற்கிறது, குளோரோபில் குறுக்கீடு குறைவு. அங்கே 3 பிக்கோநொடியில் சிறிய பங்கு மட்டுமே வெளிறியது. பெரும் பங்கு 21இல். அதோடு, கிளர்வு 100 ஃபெம்டோநொடியில் நிறமிகளிடையே சமநிலை அடைவதையும் காட்டினார்கள். நிறமிகள் பகிர்ந்துகொள்கின்றன என்ற கருத்துக்கு இது அடித்தளமானது. ஆனால் அவர்களது அளவீட்டிலும் ஒரு ஓட்டை இருந்தது. ஓர நிறமிகளில் விழுந்த கிளர்வு உள்ளே வர எவ்வளவு நேரம் எடுக்கும்? 25 ஆங்ஸ்ட்ராம் தூரத்தை ஃபோர்ஸ்டர் முறையில் (ஒளி உமிழாமல் ஆற்றல் நிறமிக்கு நிறமி தாவுவது) கடக்க இருபது பிக்கோநொடி அளவு ஆகும். 21க்கு வெகு அருகில் விழும் எண்.

இதைச் சோதிக்க நேரடியான வழி அந்த ஓர நிறமியைப் பிடுங்கிவிடுவது. வாஹாவும் இம்பீரியல் குழுவினரும் 1995இல் தாமிரம் ஏற்றிய பத்தியில் வினைமையத்தைச் செலுத்தி, ஒரு குளோரோபில் குறைந்த, ஐந்து குளோரோபில் மட்டும் கொண்ட மாதிரியைப் பெற்றார்கள். நிறமாலையில் குறைந்தது 670 பகுதி. எலக்ட்ரான் நகர்வு நின்றுபோகவில்லை. ஓர நிறமி வெறும் பார்வையாளர், அல்லது மெதுவாக உள்ளே ஊட்டும் ஆன்டெனா என்பது உறுதிப்பட்டது. இந்த ஆய்வை நான் இந்த வழக்கின் திருப்புமுனையாகக் கருதுகிறேன். புது லேசர் எதுவும் வேண்டியிருக்கவில்லை, ஒரு பத்தி போதுமாக இருந்தது.

1997இல் கிரீன்ஃபீல்டு, சைபர்ட், கோவிந்தஜி, வாசிலெவ்ஸ்கி, அதாவது 3 என்று சொன்ன அதே தரப்பு, துடிப்பாற்றலைக் கடுமையாகக் குறைத்து, ஃபியோஃபைட்டினின் 544 பட்டையை நேரடியாகப் பார்த்தார்கள். வந்த எண் சுமார் 8 பிக்கோநொடி, அதன் பின்னால் 50 பிக்கோநொடி அளவில் ஒரு மெதுவான வால். 3உம் இல்லை, 21உம் இல்லை. இது சமரச எண் என்று அப்போது கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் ஆற்றல் பகிர்வையும் ஓர நிறமியையும் கணக்கில் எடுத்தால், ஒரு எண்ணுக்குப் பதில் 1 முதல் 50 வரை பரந்த ஒரு தொகுதி வர வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு.

யார் தருவது, யார் பெறுவது

கேள்வி மெல்ல மாறியது. எவ்வளவு விரைவு என்பதிலிருந்து, எந்த நிறமி எலக்ட்ரானை முதலில் விடுகிறது என்பதற்கு. பாக்டீரியாவில் அது சிறப்பு இணை. தாவரத்தில் டி1 பக்கத்துத் துணைக் குளோரோபில்தான் முதலில் விடுகிறது என்று புரொகோரென்கோ, ஹோல்ஸ்வார்த் 2000இல் ஃபோட்டான் எதிரொலி ஆய்வின் அடிப்படையில் முன்வைத்தார்கள்.

காணுறு ஒளியில் எட்டு நிறமிகளும் ஒன்றாகத் தெரிவதால், ஆம்ஸ்டர்டாம் குழு நடு அகச்சிவப்புக்குப் போனது. குளோரோபில், ஃபியோஃபைட்டின் இரண்டிலும் உள்ள கீட்டோ, எஸ்டர் கார்பனைல் அதிர்வுகள் புரதச் சூழலைப் பொறுத்துச் சற்றே இடம் மாறும். அயனியானால் இன்னும் மாறும். 2005இல் க்ரோட்டும் கூட்டாளிகளும் 681 நானோமீட்டரில் கிளர்த்தி அகச்சிவப்பில் பார்த்தபோது, ஃபியோஃபைட்டின் 0.6 முதல் 0.8 பிக்கோநொடியில் ஒடுங்குவதும், சிறப்பு இணையின் டி1 பக்கக் குளோரோபில் சுமார் 6 பிக்கோநொடியில்தான் நேரயனியாவதும் தெரிந்தது. இடையே நேரயனி இருந்த இடம் துணைக் குளோரோபில். ஒரு நிகழ்வுக்கு இரண்டு படிகள். ஃபியோஃபைட்டினைப் பார்த்தவருக்கு ஒரு எண், நேரயனியைப் பார்த்தவருக்கு வேறு எண் வருவதில் முரண் ஏதும் இல்லை. அடுத்த ஆண்டு ஹோல்ஸ்வார்த் குழு ஆன்டெனாவோடு கூடிய முழு மையத்திலும் தனித்த வினைமையத்திலும் காணுறு ஒளியில் அளந்து, ஃபியோஃபைட்டினே முதல் ஏற்பி என்று முடிவுகட்டியது.

2010இல் ரொமேரோ, வான் கிரொண்டெல் குழு இன்னொரு சிக்கலைக் காட்டியது. கிளர்த்தும் நிறத்தை மாற்றினால் பாதையே மாறுகிறது. சில மையங்களில் துணைக் குளோரோபில்–ஃபியோஃபைட்டின் வழி, சிலவற்றில் சிறப்பு இணையில் தொடங்கும் வழி. புரதத்தின் சிறு அசைவுகள் எந்த வழி திறக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. 77 கெல்வினில் அந்த அசைவுகள் உறைந்துவிடுவதால் இரு கூட்டமும் தனித்தனியாகத் தெரிகின்றன.

இருபரிமாண நிறமாலை முறை, காலம்–நிறம் பேரத்தை உடைத்தது. இரு கிளர்த்தும் துடிப்புகளுக்கு இடையிலான தாமதத்தை ஃபூரியர் மாற்றம் செய்து கிளர்த்திய நிறத்தைப் பெறுவதால், துடிப்பைக் குறுகலாகவே வைத்துக்கொள்ளலாம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஓகில்வி குழு 2010இல் டி1–டி2 மாதிரியில் முதலில் இதைச் செய்தது. 2014இல் அவர்களும் ஆம்ஸ்டர்டாம் குழுவும் தனித்தனியே, வரைபடத்தின் குறுக்கு முகடுகளில் அலைபாயும் சைகைகளைக் கண்டார்கள். ஆம்ஸ்டர்டாம் பட்டியலில் 120, 340, 730 செ.மீ.⁻¹. 340 என்பது 98 ஃபெம்டோநொடிக்கு ஒருமுறை ஆடும் அலை. எக்ஸிட்டான் நிலைகளின் ஆற்றல் இடைவெளியோடு சில அதிர்வுகள் ஒத்துப்போகின்றன, அந்த ஒத்திசைவு எலக்ட்ரான் நகர்வுக்கு உதவுகிறது என்று இரு குழுவும் வாதிட்டன. உதவுகிறது என்ற பகுதியில் எனக்கு ஒதுக்கம் உண்டு. அலை தெரிவது ஒன்று, அலை இல்லாவிட்டால் நகர்வு மெதுவாகியிருக்கும் என்று நிறுவுவது வேறு. கணிப்புகள் இந்த இரண்டாவதை ஆதரிக்கின்றன, ஆனால் அதிர்வை மட்டும் அணைத்துவிட்டு அளக்கும் சோதனை எளிதல்ல.

2020இல் சிரோஹிவால், நீஸ், பன்டாசிஸ் செய்த குவாண்டம் வேதியியல் கணிப்பு, புரதத்தின் மின்புலமே டி1 பக்கத்துத் துணைக் குளோரோபில்லுக்கும் ஃபியோஃபைட்டினுக்கும் இடையே தாழ்ந்த மின்னூட்ட நகர்வு நிலையை உண்டாக்குகிறது என்றது. டி2 பக்கத்தில் அதே நிறமிகள், அதே தூரங்கள் இருந்தும் நகர்வு நடக்காததற்கு இது விளக்கம் தருகிறது. 2022இல் பெர்க்லியில் ஃப்ளெமிங் குழு, கிளர்த்தலைக் காணுறு ஒளியிலும் பார்வையை அகச்சிவப்பிலும் வைத்த இருபரிமாண முறையால் இந்த ஜோடியே முதல் படிக்கு உரியது என்பதற்குச் சான்று சேர்த்தது.

பொருத்தலில் வரும் சண்டைகள்

இவ்வளவுக்குப் பிறகும் ஒரே தரவிலிருந்து இரு குழுக்கள் இரு முடிவுகள் எடுக்க முடியும். எல்லா நிறங்களின் தரவையும் சேர்த்துச் செய்யும் உலகளாவிய பொருத்தலில் நான்கைந்து கால மாறிலிகள் போட்டால் எந்தத் தரவும் பொருந்திவிடும். அந்த மாறிலிகளோடு வரும் நிறமாலைகள் தூய நிலைகளுக்கு உரியவை அல்ல, அவற்றின் கலவை. கலவையைப் பிரிக்க ஒரு கணித மாதிரி வேண்டும்: எத்தனை பெட்டிகள் (நிலைகள்), எது எதற்குத் திறக்கும், எந்த வினை திரும்பி வரும். தொடர் மாதிரியும் திரும்பிவரும் மாதிரியும் ஒரே எச்சப் பிழையைத் தரும்போது, புள்ளியியல் தேர்ந்தெடுக்க உதவாது. அப்போது நிறமாலையின் வடிவத்தைத்தான் பார்க்க வேண்டும். ராடிக்கல் இணைக்குரிய (நேரயனி–எதிரயனி ஜோடிக்குரிய) நிறமாலையில், கிளர்வு நிலைக்கே உரிய தூண்டிய உமிழ்வு 690–700 பகுதியில் மிஞ்சியிருந்தால், அந்த மாதிரி தவறு. 543இல் வெளிறல் இல்லாமல் ஃபியோஃபைட்டின் எதிரயனி என்று பெயரிட்டிருந்தால், அதுவும் தவறு. ஒளிர்வு அளவீட்டில் 5–6 நானோநொடிக் கூறு தெரிந்தால் அது பெரும்பாலும் கழன்ற குளோரோபில். அதன் பங்கு சில சதவீதமே ஆனாலும், பிரகாசம் அதிகம் என்பதால் பொருத்தலை இழுத்துச் சாய்த்துவிடும். உட்கவர் அளவீட்டில் அது அவ்வளவாகத் தெரியாது. ஒளிர்வு எண்களும் உட்கவர் எண்களும் பல ஆண்டுகள் பேசாமலிருந்ததற்கு இது ஒரு காரணம்.

தாவர மாதிரிக்கு இன்னொரு வரம்பு உண்டு. டி1ஐக் குறிக்கும் மரபணு பசுங்கணிகத்துக்குள் இருப்பதால், சினெக்கோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாக்டீரியாவில் செய்வதுபோல ஓர் அமினோ அமிலத்தை மாற்றி, ஒரு நிறமியின் பட்டையை நகர்த்திப் பார்ப்பது கீரையில் எளிதல்ல. அந்த நீலப்பச்சைப் பாக்டீரியாவில் டி1இன் 198ஆம் ஹிஸ்டிடினை மாற்றினால் நேரயனியின் நிறமாலை நகர்கிறது, 179ஆம் திரியோனினை மாற்றினால் தாழ்வெப்ப மும்மை நிலையின் நிறமாலை நகர்கிறது. முதலாவது சிறப்பு இணையைச் சுட்டுகிறது, இரண்டாவது துணைக் குளோரோபில்லை. கீரையின் நிறமிகளுக்குப் பெயரிடும்போது இந்த முடிவுகளைத்தான் கடன் வாங்குகிறோம். இரு உயிரினங்களின் நிறமி அடுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றாலும், சுமார் 300 செ.மீ.⁻¹க்குள் எட்டு நிறமிகள் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் 50 செ.மீ.⁻¹ மாறினாலே எது தாழ்ந்த நிலை என்ற வரிசை புரண்டுவிடும்.